சீம்பாலும் அதன் உபயோகமும்

(சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

பசுவாயினும் எருமையாயினும் கன்று ஈன்றவுடன் முதல் சில வேளைகளில் சுரக்கும் கெட்டியான பாலுக்குச் சீம்பால் என்று பெயர். சில ஊர்களில் இதனைக் கடும்பு என்றும் சொல்லுவர். இதைக் கொண்டு செய்யும் பலகாரத்தைத் தெலுங்கர் ஜுன்னு என்றும், கன்னடியர் கின்னு என்றும், மராத்தியர் கர்வஸ் என்றும் அழைப்பார்கள்.

இப்பாலைப் பற்றி நம்மவரிடையே ஒன்றுக்கொன்று மாறான இரு எண்ணங்கள் நிலவுகின்றன. ஒரு சாரார் இதனைத் தீட்டுப்பால் என்று கருதித் தரையில் கறந்து விடுகிறார்கள். மற்றொரு சாரார், பட்டணங்களில் சீம்பாலை உலர்த்தித் தூளாகவும் மாத்திரையாகவும் டப்பிகளில் அடைத்து விற்பதைக் கண்டு, இது சகல வியாதிகளையும் போக்கும் அமிர்தம் என்று நம்புகிறார்கள். முதல் எண்ணத்தால் கன்று சாகிறது. இரண்டாவது எண்ணத்தால் பணம் வீணாகிறது. அத்துடன், கன்றின் பங்கை விலைக்கு விற்கும் ஆசையும் உண்டாகிறது. ஆகவே சீம்பாலின் உண்மையான குணம் யாது, அது யாருக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. சீம்பாலில் அடங்கியுள்ள சத்துக்கள்

சாதாரணப் பசும்பாலில் நூறு பங்குக்கு ஏறக்குறைய 87 பங்கு நீரும், 13 பங்கு திடப்பொருளும் உள்ளன. ஹோல்ஸ்டீன் ஜாதிப் பசுக்களின் சீம்பாலைச் சோதித்ததில், ஈன்றபின் முதற் கறவையில் திடப்பொருள் 24 பங்கு வரை இருப்பதாகக் கண்டார்கள். அதில் புரதம் மட்டும் சுமார் 14 பங்கு. சாதாரணப் பாலில் புரதம் 3 பங்குக்குச் சற்று மேல்தான். இரண்டாம் கறவையில் புரதம் 8 பங்காகவும், மூன்றாம் கறவையில் 5 பங்காகவும் குறைந்து, சில தினங்களில் சாதாரணப் பாலின் நிலைக்கு வந்துவிடுகிறது. பால் சர்க்கரை மாத்திரம் இதற்கு நேர்மாறாக, முதற் கறவையில் குறைந்தும் பின்னர் அதிகரித்தும் காணப்படும். பசுவின் சீம்பாலிலுள்ள மஞ்சள் நிறம், ‘ஏ’ வைட்டமின் என்னும் ஜீவசத்துக்கு மூலமான பொருள் அதில் மிகுந்திருப்பதன் அடையாளமாகும்.

முதற் கறவையிலுள்ள 14 பங்கு புரதத்தில் ஏறக்குறைய 6 பங்கு ஒரு விசேஷ வகையைச் சேர்ந்தது. அதற்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். தாய்ப்பசு தன் வாழ்நாளில் எந்தெந்த நோய்க்கிருமிகளை எதிர்த்து வென்றதோ, அக்கிருமிகளை அடையாளங் கண்டு தடுக்கும் எதிர்ப்புப் பொருள்கள் இவையே. சாதாரணப் பாலில் இவை மிகச் சொற்பம். சீம்பாலின் மகிமை யாவும் இப்பொருளைப் பற்றியதே.

2. கன்றுக்கு இது ஏன் உயிர்நாடி

மனிதக் குழந்தைக்குக் கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சின் வழியாகச் சென்று சேருகின்றன. பசுவின் நஞ்சு அவ்வாறு அமைந்ததன்று. அது போஷணைச் சத்துக்களை விடுமேயன்றி எதிர்ப்புப் பொருள்களை விடுவதில்லை. ஆகையால் கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோயைத் தடுக்கும் சக்தி ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். தொழுவத்தின் தரையிலும் சாணத்திலும் காற்றிலும் நிறைந்துள்ள கிருமிகளின் நடுவே, நிராயுதபாணியாக அது வந்து விழுகிறது.

இக்குறையை நிரப்ப இயற்கை செய்துள்ள ஏற்பாடே சீம்பால். பிறந்த கன்றின் குடற்சுவர் முதல் சில மணி நேரத்துக்குத் திறந்த வாயில் போல இருக்கிறது. சீம்பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் அப்போது செரிக்கப்படாமல் முழு உருவத்துடனே குடலைக் கடந்து இரத்தத்தில் கலக்கின்றன. பிறந்து 6 மணி நேரத்துக்குள் இவ்வாயில் நன்றாகத் திறந்திருக்கும். அதன்பின் சிறிது சிறிதாக அடைபட்டு, 24 மணி நேரம் ஆவதற்குள் முற்றிலும் மூடிக்கொள்ளும். மறுநாள் குடம் நிறையச் சீம்பால் ஊட்டினாலும் அது வயிற்றுக்கு ஆகாரமாகுமே தவிர, இரத்தத்துக்குப் பாதுகாப்பாகாது.

இவ்வுண்மையை ஐயமற நிரூபித்த பரிசோதனை 1922-ம் வருஷத்தில் வெளியாயிற்று. அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், ரால்ப் லிட்டில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஒரே பண்ணையில் பிறந்த கன்றுகளை இரு கூறாகப் பிரித்தார்கள். சீம்பால் குடித்த 10 கன்றுகளும் பிழைத்தன. சீம்பால் கொடாமல் சாதாரணப் பால் கொடுத்து வளர்த்த 12 கன்றுகளில் 9 மாண்டன. இரு கூறுக்கும் பராமரிப்பில் வேறு குறையில்லை. இக்கணக்கைத் தீட்டுப்பால் என்று சொல்லித் தரையில் கறப்போர் தம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியேயன்றிச் சீம்பாலுக்கு மற்றொரு குணமும் உண்டு. அது சிறிது இளக்கும் தன்மையுடையதாதலால், கருவிலிருந்தபோது கன்றின் குடலில் சேர்ந்த கரிய மலம் எளிதில் வெளிப்பட உதவுகிறது.

3. நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்கலாமா

நமது கிராமங்கள் பலவற்றில், நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டும் என்ற வழக்கம் இருந்து வருகிறது. முன்னதாக ஊட்டினால் நஞ்சு உள்ளே தங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். உண்மை இதற்கு மாறானது. கன்று மடியை முட்டிச் சப்பும்போது பசுவின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு உண்டாகிறது. பாலை இறக்குவதும் கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அச்சுரப்பின் வேலையே. ஆகவே கன்று ஊட்டுவது நஞ்சு விழுவதற்குத் துணை செய்யும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். நஞ்சுக்கொடி சாதாரணமாக விழுவதற்கு 8 மணி முதல் 12 மணி நேரம் வரையிற் செல்லக்கூடும். அதுவரை கன்றைக் கட்டிப்போட்டால், குடல் திறந்திருக்கும் நல்ல நேரம் முழுவதும் வீணாகிவிடும். அக்கன்று பத்து நாளைக்குள் வெள்ளைக் கழிச்சல் கண்டு இறக்குமாயின், தலைவிதி என்றும் கண்ணேறு என்றும் சொல்லுகிறோம். 12 மணி நேரத்துக்கு மேலும் நஞ்சு விழாவிடில் கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். கையால் பிடித்து இழுத்தல் ஆகாது.

4. ஊட்டும் முறை

(அ) கன்று பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலுமுள்ள கோழையைத் துடைத்து, தொப்புளில் டிங்சர் அயோடின் தடவவேண்டும். பசுவின் மடியையும் காம்புகளையும் சுத்தமான வெந்நீரால் கழுவித் துடைக்கவேண்டும்.

(ஆ) கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் அதற்குச் சேரவேண்டும். 25 கிலோகிராம் எடையுள்ள கன்றுக்கு இது இரண்டரை லிட்டர் ஆகும். இதில் பாதியை முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளும், மீதியை 6 மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிடுதல் நலம். அடுத்த மூன்று நாட்களுக்கும் தாயின் பாலையே ஊட்டி வரவேண்டும்.

(இ) கன்று எழுந்து நிற்க முடியாமல் பலவீனமாக இருந்தால், பாலைக் கறந்து இளஞ்சூட்டுடன் ரப்பர் காம்பு பூட்டிய புட்டியில் ஊட்டலாம். மூங்கில் குழாயை வாயில் செருகி வலிய ஊற்றினால் பால் நுரையீரலில் இறங்கிக் கன்று இறந்துபோகும்.

(ஈ) கன்றுக்குக் கொடுக்கும் சீம்பாலைக் கொதிக்க வைக்கலாகாது. கொதித்தால் எதிர்ப்புப் பொருள்கள் உறைந்து கெட்டுவிடும்.

(உ) தாய் இறந்துபோனாலும், மடி நோயினால் பால் கெட்டுப்போனாலும், அதே சமயத்தில் ஈன்ற வேறொரு பசுவின் சீம்பாலைக் கொடுக்கவேண்டும். கோழி முட்டையையும் விளக்கெண்ணெயையும் பாலில் கலந்து கொடுப்பது வயிற்றுக்குச் சத்தும் இளக்கமும் தரலாம். எதிர்ப்புச் சக்தி அதில் கிடையாது.

5. மனிதருக்கு ஆகாரமாகச் சீம்பால்

கன்று வயிறார உண்டபின் எஞ்சும் சீம்பாலை மனிதர் உண்பதில் தடையொன்றுமில்லை. அதிகப் பால் கொடுக்கும் கலப்பினப் பசுவின் சீம்பால், பெரும்பாலும் கன்றுக்கு வேண்டிய அளவினும் மிகுதியாகவே இருக்கும். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து இட்லிப்பானையில் வைத்து வேகவைத்தால் அது தானே உறைந்து கட்டியாகிவிடும். உறை ஊற்றாமலே உறைவதற்குக் காரணம், அதிலுள்ள மிகுதியான புரதம் சூட்டினால் திரள்வதே. முட்டையின் வெண்கரு வேகும்போது இறுகுவதும் இவ்வாறுதான். முதற் கறவைப் பால் மிகவும் கெட்டியாகிவிடுமாதலால் அதனுடன் சாதாரணப் பாலைச் சேர்த்துக்கொள்ளுவர்.

இது புரதமும் கொழுப்பும் ‘ஏ’ ஜீவசத்தும் உள்ள உயர்ந்த ஆகாரம். வளரும் பிள்ளைகளுக்கும் உழைப்பாளிகளுக்கும் ஏற்றது. ஆனால் வெந்தபின் அதில் எதிர்ப்புப் பொருள் உயிருடன் இராது. அதனைச் சத்துணவாக உண்ணலாம், மருந்தாக எண்ணலாகாது.

பச்சையாகக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கிடைக்குமே என்று சிலர் கேட்கலாம். இது அபாயமான யோசனை. காசநோய்க் கிருமியும், பசுக்களில் கருச்சிதைவையும் மனிதரில் நாட்பட்ட சுரத்தையும் உண்டாக்கும் புரூசெல்லா என்ற கிருமியும் காய்ச்சாத பாலின் மூலம் மனிதரைப் பற்றுகின்றன. மேலும் வளர்ந்த மனிதனின் குடல் பிறந்த கன்றின் குடல் போன்றதன்று. அவன் உண்ணும் எதிர்ப்புப் பொருள் பருப்புப் புரதத்தைப் போலவே பெரும்பகுதி செரிமானமாகிவிடுகிறது. செரிக்காமல் தப்பிய சிறு பகுதி குடலுக்குள்ளேயே வேலை செய்யக்கூடுமேயன்றி, இரத்தத்தில் சேர்ந்து உடல் முழுவதையும் காப்பதில்லை.

6. தூளும் மாத்திரையும்

டப்பிகளில் விற்கப்படும் சீம்பால் தூளினால் யாதொரு பயனும் இல்லையா என்றால், அதற்கும் நிதானமாக விடை கூறவேண்டும். 1988-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், பேதியை உண்டாக்கும் ஒருவகை ஈ-கோலை கிருமியை மனமுவந்து வந்த சிலருக்குக் கொடுத்தார்கள். பசுவின் பாலிலிருந்து பிரித்த எதிர்ப்புப் பொருளை உட்கொண்ட 10 பேரில் ஒருவருக்கும் பேதி காணவில்லை. அதை உட்கொள்ளாத 10 பேரில் 9 பேருக்குப் பேதி கண்டது. இது மெச்சத்தக்க பலனே. ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்பசுக்களுக்கு அதே கிருமிக்கு எதிராக முன்னதாகவே தடுப்பூசி போட்டிருந்தார்கள். அப்பொருள் குடலிலுள்ள அந்த ஒரு கிருமியையே தடுத்தது. கடையில் வாங்கும் சாதாரணச் சீம்பால் தூளுக்கு இப்பலனை அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது.

தேகப்பயிற்சி செய்வோருக்குப் பலம் தரும் என்றும் விளம்பரம் செய்கிறார்கள். இதுபற்றிய பரிசோதனைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. சீம்பாலில் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எப்.-1 என்ற பொருள் இருப்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் சீம்பாலைத் தடை செய்யாவிடினும், பந்தய வீரர்கள் அதனை உட்கொள்ளாதிருப்பதே நலம் என்று எச்சரித்துள்ளது. நீரிழிவு, காசம், புற்றுநோய் முதலியவற்றைச் சீம்பால் தூள் குணமாக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. இதனை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துவோர் தம் உயிருக்கே கேடு தேடிக்கொள்ளுகிறார்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதனைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும், நாட்பட்ட நோய்க்கு மருந்துண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் வாங்கலாகாது.

2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவுப் பொருளைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்பவருக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஆகையால் ஊருக்குள் டப்பியுடன் வருபவர் எந்த நோய்க்கு, எந்தப் பரிசோதனையின் பலத்தில் சிபாரிசு செய்கிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. அதே பணத்துக்கு எவ்வளவு முட்டையும் பருப்பும் நிலக்கடலையும் வாங்கலாம் என்று வீட்டிலுள்ள பெண்மணிகளைக் கணக்குப் பார்க்கச் சொன்னால், விடை உடனே விளங்கிவிடும்.

7. தாயின் சீம்பால்

இவ்விடத்தில் ஒன்றை முக்கியமாகச் சொல்லவேண்டும். மனிதத் தாய்க்கும் பிரசவமானவுடன் மஞ்சளான சீம்பால் சுரக்கிறது. அதைக் கெட்ட பால் என்று பிழிந்து கொட்டிவிட்டு, குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் ஒழியவில்லை. நஞ்சின் வழியாகக் குழந்தைக்கு முன்னமே கிடைத்த பாதுகாப்புடன், குடலையும் தொண்டையையும் காக்கும் பொருள்களைத் தாயின் சீம்பால் சேர்க்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டுமென்றும், 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பசுவின் சீம்பாலும் அதன் தூளும் கைக்குழந்தைக்கு ஒருபோதும் ஈடாகா. பசுவின் சீம்பால் கன்றுக்கும், தாயின் சீம்பால் குழந்தைக்கும் உரியவை.

8. சங்கத்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம்

இது வீட்டு விஷயமன்றோ, சங்கத்துக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு.

முதலாவது, பால் சங்கத்துக்கு ஊற்றும் பாலில் சீம்பால் கலத்தல் கூடாது. நமது நாட்டு உணவு விதிகளும், பால் என்பது சீம்பால் கலவாததாக இருக்கவேண்டுமென்றே விதிக்கின்றன. சீம்பால் கலந்த பால் காய்ச்சும்போது திரிந்துபோகும். ஒருவர் ஊற்றியது கேன் முழுவதையும் கெடுத்தால், நஷ்டம் ஊற்றிய அனைவரையும் சாரும். ஆகவே ஈன்றபின் முதல் 5 நாட்களின் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவரலாகாது.

இரண்டாவது, கடன் கணக்கு. சங்கத்தில் கடன் பெற்றுப் பசு வாங்கிய அங்கத்தினர், பாலை விற்றுத் தவணை கட்டுகிறார். அப்பசு வற்றிப்போகும் காலத்தில் அவர் குடும்பத்தைத் தாங்குவது அதன் கிடாரிக் கன்றே. சீம்பால் வாங்கும் வியாபாரி ஒருவர் லிட்டருக்கு 100 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். கன்றின் பங்கான இரண்டரை லிட்டரையும் விற்றால் கிடைப்பது 250 ரூபாய். கன்று கழிச்சல் கண்டால் வைத்தியச் செலவுக்கே அது போதாது. கன்று இறந்தாலோ, மூன்று வருஷங்களில் கறவையாகி நிற்கவேண்டிய ஒரு பசுவையே 250 ரூபாய்க்கு விற்றதாக முடியும். கன்றை இழந்த நாட்டுப்பசு மடி இறக்க மறுப்பதும் உண்டு. எஞ்சியதை விற்பதில் குற்றமில்லை. கன்றின் பங்கை விற்பது முதலையே தின்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, பரஸ்பர உதவி. பஞ்ச காலத்துக்கென்று நெல்லைச் சேர்த்து வைக்கும் தானியக் களஞ்சியத்தைப் போல, சங்கத்தில் சீம்பால் சேமிப்பும் ஏற்படுத்தலாம். ஆரோக்கியமான பசுவின் முதற் கறவையில் கன்றுக்குப் போக எஞ்சியதைச் சுத்தமான ஒரு லிட்டர் புட்டிகளில் நிரப்பி, பசுவின் சொந்தக்காரர் பெயரும் தேதியும் எழுதி, சங்கத்தின் உறைபனிப் பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில் வைத்தால் ஒரு வருஷம் வரை கெடாது. தாயை இழந்த கன்று எவர் வீட்டில் பிறந்தாலும் ஒரு புட்டியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கி ஊட்டலாம். அடுப்பின்மேல் வைத்து உருக்கலாகாது. புட்டி பெற்றவர், தம் பசு ஈனும்போது ஒரு புட்டி திருப்பித் தருவார். வட்டி கிடையாது. கருச்சிதைவு கண்ட பசுவின் பாலையும், மடி நோய் உள்ள பசுவின் பாலையும் ஏற்கலாகாது.

9. கூட்டத்தில் கேட்கத்தக்க கேள்விகள்

(1) மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே கிடைக்கும் எதிர்ப்புப் பொருள் கன்றுக்கு ஏன் கிடைப்பதில்லை?

(2) பிறந்த மறுநாள் ஊட்டிய சீம்பால் ஏன் முழுப் பயன் தருவதில்லை?

(3) வேகவைத்த சீம்பால் நல்ல ஆகாரமாயினும் மருந்தாகாது என்பதேன்?

(4) 1988-ம் வருஷத்துப் பரிசோதனையில் பயன்பட்ட பொருளுக்கும் கடையில் விற்கும் தூளுக்கும் உள்ள வேற்றுமை யாது?

(5) சென்ற வருஷத்தில் நமது சங்க அங்கத்தினர் வீடுகளில் எத்தனை கன்றுகள் பிறந்தன? முதல் மாதத்துக்குள் எத்தனை இறந்தன? அவற்றுள் எத்தனைக்கு 6 மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைத்தது?

ஐந்தாவது கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை. அங்கத்தினர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. காரியதரிசி அதை ஒரு நோட்டில் பெயர்வாரியாக எழுதிக் கூட்டத்தில் படிப்பாராக. அதன்பின் கீழ்க்கண்ட மாதிரித் தீர்மானத்தை நிர்வாக சபையார் யோசனைக்கு எடுத்துக்கொள்ளலாம்:

“நமது சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுவதென்றும், நஞ்சுக்கொடிக்காகக் காத்திருப்பதில்லையென்றும், ஈன்ற 5 நாள் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றுவதில்லையென்றும், கன்றுக்குப் போக எஞ்சிய முதற் கறவையில் ஒரு லிட்டரைச் சங்கச் சேமிப்புக்குக் கொடுப்பதென்றும் இக்கூட்டத்தார் ஏகமனதாகத் தீர்மானிக்கிறார்கள்.”